கழற்றுவதற்கு முன் கேளுங்கள்: பழைய மோட்டார் சைக்கிளின் எஞ்சின் கோளாறுகள்

(தோட்ட இளைஞர்களுக்கான தொழில் வழிகாட்டல் கூட்டத்தில், மன்னாரைச் சேர்ந்த மோட்டார் சைக்கிள் திருத்துநர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். கூட்ட முடிவில் கேட்கப்பட்ட கேள்விகளும் பதில்களும் இறுதியில் தரப்பட்டுள்ளன.)



மன்னாருக்கும் மலைநாட்டுக்கும் உள்ள உறவு நேற்று முந்தநாள் வந்ததல்ல. உங்கள் பூட்டன் பூட்டிமார் கடல் கடந்து வந்து கால் வைத்தது எங்கள் கரையில்தான். அங்கிருந்து காட்டு வழியாக மாத்தளை வரைக்கும் நடந்து வந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் அந்த வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். 1914ஆம் ஆண்டு தலைமன்னார் வரைக்கும் ரயில் வந்தது. 1964ஆம் ஆண்டு டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. 1980களில் கப்பலும் நின்று போனது. பிறகு யுத்தத்தில் ரயிலும் நின்று, 2015இல்தான் தலைமன்னாருக்குத் திரும்ப வந்தது.

இப்போது அதே பாதையில் வேறொரு சாமான் மேலே வருகிறது. அதுதான் பழைய மோட்டார் சைக்கிள். "அங்கே கரையோரத்தில பழைய வண்டி மலிவாக் கிடைக்குதாம், வாங்கிச் செய்து எடுத்தா ஓடலாம்" என்று தம்பிமார் தேடி வருகிறார்கள். நல்ல விஷயம்தான். மரக்கறி கொண்டுபோக, பிள்ளையை டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோக, இரவில் ஓர் அவசரத்துக்கு ஓட, லயத்தில் ஒரு வண்டி நிற்பது பெரிய உதவி. ஆனால் வாங்கின வண்டி ஓடவில்லை என்றால், அம்மா கொழுந்தெடுத்துச் சேர்த்த காசு அல்லவா பழைய இரும்பாகிக் கிடக்கிறது? அந்தக் காசைக் காப்பாற்றுவது எப்படி என்பதைத்தான் இன்றைக்குச் சொல்ல வந்திருக்கிறேன்.

எந்த வண்டியைச் சொல்கிறேன்?

ஒற்றைச் சிலிண்டர் வண்டிகளைத்தான் சொல்கிறேன். ரோயல் என்பீல்ட் புல்லட் 350, பி.எஸ்.ஏ. வண்டிகள், பழைய ஹொண்டா 90 எல்லாம் இந்தக் கூட்டம்தான். புல்லட் இங்கிலாந்தில் பிறந்தாலும் 1955 முதல் சென்னையில் உருவாகி வந்தது. அதன் சிலிண்டர் 70 மில்லிமீற்றர் அகலம், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மில்லிமீற்றர். கணக்குப் போட்டால் 346 சி.சி. வரும். பி.எஸ்.ஏ. பான்டம் என்ற சின்ன வண்டி 1948இல் வந்தது. அது ஜெர்மனியின் டி.கே.டபிள்யூ. வண்டியின் அமைப்பை எடுத்துச் செய்தது. அது இரண்டு வீச்சு எஞ்சின், பெற்றோலோடு ஒயில் கலந்து ஓடுவது. மற்றவை நான்கு வீச்சு எஞ்சின்.

ஒற்றைச் சிலிண்டரில் ஒரு நன்மை உண்டு. ஒரு பிளக், ஒரு காபரேட்டர், ஒரு பிஸ்டன். குற்றவாளி ஒளிந்துகொள்ள இடம் குறைவு. பொறுமையாகத் தேடினால் கையில் அகப்பட்டே தீரும்.

மூன்றே மூன்று கேள்விகள்

எந்த எஞ்சினும் ஓடுவதற்கு மூன்று காரியம் வேண்டும். ஒன்று, பெற்றோலும் காற்றும் சரியான அளவில் வர வேண்டும். இரண்டு, வந்த கலவை நன்றாக அமுக்கப்பட வேண்டும். மூன்று, அமுக்கின நேரத்தில் நெருப்புப் பொறி விழ வேண்டும். அடுப்பெரிக்கிறதை நினைத்துப் பாருங்கோ. விறகு வேண்டும், காற்று வேண்டும், நெருப்பு வேண்டும். ஒன்று குறைந்தாலும் சோறு வேகாது.

ஸ்டார்ட் ஆகாத வண்டியைக் கண்டவுடனே ஸ்பானரை எடுத்து ஹெட்டைக் கழற்றாதீர்கள். பத்து உதை உதைத்துவிட்டு, முதலில் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பிளக் பெற்றோலில் நனைந்திருந்தால் பெற்றோல் வருகிறது, பொறி இல்லை என்று அர்த்தம். உலர்ந்து கிடந்தால் பெற்றோல் வந்து சேரவில்லை. இந்த ஒரு பார்வையிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

அடுத்தது பொறி. கழற்றின பிளக்கை அதன் வயரில் மாட்டி, அதன் உடம்பு எஞ்சின் இரும்பில் படும்படி வைத்து உதையுங்கள். நீல நிறத்தில் 'சட்' என்று சத்தத்தோடு பொறி வந்தால் நல்லது. மஞ்சளாய், சிவப்பாய், சோர்ந்து வந்தால் பலம் இல்லை. கவனம்: பிளக்கை அது இருந்த ஓட்டைக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம். ஓட்டையிலிருந்து பெற்றோல் ஆவி பீறி வரும். அது பற்றினால் முகம் கருகும்.

மூன்றாவது அமுக்கம். பிளக் ஓட்டையைப் பெருவிரலால் அழுத்திப் பொத்திக்கொண்டு, இன்னொருவரை உதைக்கச் சொல்லுங்கள். விரலைத் தள்ளிக்கொண்டு காற்று வர வேண்டும். தள்ளவில்லை என்றால் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயிலை அந்த ஓட்டைக்குள் விட்டு, இரண்டு மூன்று முறை உதைத்து, திரும்பச் சோதியுங்கள். இப்போது அமுக்கம் கூடினால் ரிங்கோ சிலிண்டரோ தேய்ந்திருக்கிறது, ஒயில் அந்த இடைவெளியை அடைத்துவிட்டது. கூடவில்லை என்றால் கோளாறு மேலே, வால்விலோ ஹெட் கேஸ்கட்டிலோ இருக்கிறது. ஒரு கரண்டி ஒயில்தான் செலவு. இதைச் செய்யாமல் "போர் அடிக்க வேணும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

புகையும் பிளக்கும் பேசும்

நீலப் புகை என்றால் ஒயில் எரிகிறது. கறுப்புப் புகை என்றால் பெற்றோல் கூடிப் போகிறது. காலைப் பனியில் வரும் வெள்ளைப் புகை வெறும் நீராவி, சூடானதும் நின்றுவிடும்.

நீலப் புகையிலும் வித்தியாசம் உண்டு. இதைப் பார்க்க மலைநாட்டு ரோட்டைவிட நல்ல இடம் வேறில்லை. ஏற்றத்தில் இழுக்கும்போது புகைத்தால் ரிங்கைச் சந்தேகியுங்கள். இறக்கத்தில் அக்சிலேட்டரை மூடி இறங்கி, கீழே வந்து திறந்தவுடன் 'குப்' என்று புகைத்தால் அது வால்வு கைட் தேய்ந்த அடையாளம். முதலாவதற்குச் சிலிண்டர் வேலை. இரண்டாவதற்கு ஹெட் வேலை மட்டும் போதும். செலவில் எவ்வளவு வித்தியாசம்!

பிளக்கின் நுனி காய்ந்த மண்ணிறமாக இருந்தால் எஞ்சின் சுகமாக இருக்கிறது. கரி பிடித்தால் பெற்றோல் அதிகம். பிசுபிசு என்று எண்ணெய் பிடித்தால் ஒயில் ஏறுகிறது. வெளுத்துக் கொப்புளம் போட்டால் காற்று அதிகம், அல்லது பொறி விழும் நேரம் முந்திவிட்டது. வெளுத்த பிளக்கை அலட்சியம் செய்தால் அடுத்து பிஸ்டன் உருகும்.

கரையோர வண்டியில் பார்க்க வேண்டியவை

மன்னார்த் தீவு எங்கும் கடல் காற்றுத்தான். சோளகக் காற்று வீசும் மாதங்களில் உப்பும் மணலும் சேர்ந்து பறக்கும். அங்கே ஓடின வண்டியை வாங்கினால் நான்கு இடங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது பெற்றோல் தாங்கி. உள்ளே டோர்ச் அடித்துப் பாருங்கள். குப்பி விளக்கோ நெருப்புக் குச்சியோ கிட்டவும் கொண்டு போகக் கூடாது! துரு இருந்தால் அது உதிர்ந்து வந்து காபரேட்டரின் சின்னத் துளைகளை அடைக்கும். எத்தனை முறை காபரேட்டரைக் கழுவினாலும், தாங்கியைக் கழுவாவிட்டால் அடுத்த கிழமை அதே கதைதான்.

இரண்டாவது எர்த். மின்சாரம் போன வழியில் திரும்பி வர வேண்டும். அந்தத் திரும்பும் வழி வண்டியின் இரும்புச் சட்டம்தான். உப்புப் பிடித்த இடத்தில் அது தடைப்படும். புதிதாகப் பெயின்ற் அடித்த வண்டியிலும் இதே கோளாறு வரும், ஏனென்றால் பெயின்ற் மின்சாரத்தைக் கடத்தாது. ஒரு துண்டு வயரை எஞ்சினிலிருந்து சட்டத்தின் சுரண்டின இடத்துக்குத் தொடுத்துப் பாருங்கள். பொறி பலமாக வந்தால் வியாதி அதுதான். இன்னொன்று: பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பற்றரியின் பொசிற்றிவ் முனைதான் எர்த். இன்றைய வழக்கப்படி மாற்றிப் பூட்டிக் கெடுத்துவிடாதீர்கள்.

மூன்றாவது பொயின்ற். பொயின்ற் முகத்தில் உப்புப் பூத்தால் பொறி சோரும். நல்ல அரத்தாள் கொண்டு மெதுவாகச் சுத்தம் செய்து, இடைவெளியை 0.35 முதல் 0.40 மில்லிமீற்றருக்கு வையுங்கள். பொயின்ற் திறக்கும்போது அங்கேயே பெரிய வெளிச்சம் அடித்தால் கண்டென்சர் போய்விட்டது. இடைவெளியைச் சரிசெய்த பிறகுதான் பொறி விழும் நேரத்தைச் சரிபார்க்க வேண்டும். மாறிச் செய்தால் இரண்டும் பிழைக்கும், ஏனென்றால் இடைவெளி கூடினால் நேரமும் முந்தும். நேரம் மிகவும் முந்தினால் கிக்கர் திருப்பி அடிக்கும், கணுக்கால் எலும்பே போகலாம். பிந்தினால் வண்டி இழுக்காது, சைலன்சர்க் குழாய் தணல் போலச் சூடேறும்.

நான்காவது காற்று வடிகட்டி. அது இல்லாமல் மணல் காற்றில் ஓடின எஞ்சினுக்குள் மணல் அரத்தாள் போல வேலை செய்திருக்கும். வடிகட்டி இல்லாத வண்டியைக் கண்டால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

மண்ணெண்ணெய் குடித்த எஞ்சின்கள்

வடக்கிலிருந்து வரும் பழைய வண்டிக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1990க்குப் பிறகு யுத்தப் பிரதேசங்களுக்குப் பெற்றோல் போவது தடுக்கப்பட்டது. சனம் என்ன செய்யிறது? மோட்டார் சைக்கிளையும் பழைய ஒஸ்டின் கார்களையும் தண்ணீர்ப் பம்பையும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். சின்னப் போத்தலில் வைத்திருந்த துளிப் பெற்றோலைக் காட்டி ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். நோயாளியும் பிள்ளைத்தாய்ச்சியும் ஆஸ்பத்திரிக்குப் போனது அந்த வண்டிகளில்தான். அந்த மெக்கானிக்குமாரின் கெட்டித்தனத்தை நான் என்றும் மதிப்பேன்.

ஆனால் எஞ்சின் அதற்கு விலை கொடுத்தது. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது. ஆவியாகாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவரில் உள்ள ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, எஞ்சின் ஒயிலைத் தண்ணீராக்கும். பிறகு ரிங்கும் பெயரிங்கும் தேயும். இன்னொன்று, மண்ணெண்ணெய் அதிக அமுக்கத்தைத் தாங்காது, தட்டும். அதனால் அமுக்கத்தைக் குறைப்பதற்குக் கேஸ்கட்டைத் தடிப்பாகப் போடுவதும், ஜெட் துளையைப் பெரிதாக்குவதும் உண்டு. அப்படிப்பட்ட வண்டியைப் பெற்றோலில் ஓட்டினால் பலம் இருக்காது, கறுப்பாகப் புகைக்கும். நீங்கள் புது பிஸ்டன் போட்டாலும் அந்தக் குறை தீராது. ஆகவே ஹெட்டுக்கும் சிலிண்டருக்கும் அடியில் கேஸ்கட் எத்தனை இருக்கிறது என்று எண்ணுங்கள். ஜெட்டில் எழுதின இலக்கத்தைப் பாருங்கள். ஒயிலை முகர்ந்து பாருங்கள்.

2022இல் நாடு முழுவதும் பெற்றோல் வரிசை நின்றதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கியூ.ஆர். முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர்தான் முதலில் கிடைத்தது. அப்போதும் மண்ணெண்ணெய் கலக்கிற யோசனை பலருக்கு வந்தது. அந்த வருடம் ஆகஸ்டில் மண்ணெண்ணெய் விலையே லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியது. மிச்சம் பிடிக்கலாம் என்று கலக்கி, ஒரு செற் ரிங்கும் ஒரு பெயரிங்கும் மாற்றினால் எங்கே மிச்சம்? வேறு வழியில்லாத நாளில் சனம் செய்ததை, வழி இருக்கிற நாளில் நாம் செய்ய வேண்டியதில்லை.

சூடானதும் நிற்கிற வண்டி

திருத்தி எடுத்த வண்டிகளில் நான் அதிகம் கேட்கிற முறைப்பாடு இதுதான்: "காலையில நல்லா ஸ்டார்ட் ஆகுது அண்ணை, பத்துப் பதினைஞ்சு நிமிசம் ஓடினாப் பிறகு நிக்குது. கொஞ்ச நேரம் விட்டா திரும்ப ஓடுது." இதற்கு நான்கு காரணங்கள் உண்டு. நான்கையும் ரோட்டோரத்திலேயே பிரித்து அறியலாம்.

வண்டி நின்ற உடனே, ஆற விடாமல், முதலில் பெற்றோல் தாங்கியின் மூடியைத் திறவுங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுபட்டு, வண்டி உடனே ஸ்டார்ட் ஆனால் மூடியிலுள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது. பெற்றோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். வராவிட்டால் பெற்றோல் இறங்காது. பால் டின்னில் ஒரே ஓட்டை போட்டுக் கவிழ்த்தால் பால் வருமா? அதே கணக்குத்தான்.

இரண்டாவது, பிளக்கைக் கழற்றிப் பொறியைப் பாருங்கள். சூட்டில் பொறி இல்லாமல், அரை மணித்தியாலம் ஆறின பிறகு பொறி வந்தால் கொயிலோ கண்டென்சரோ சூட்டில் இறக்கிறது.

மூன்றாவது, கிக்கரைக் கையால் அமுக்கிப் பாருங்கள். எதிர்ப்பே இல்லாமல் தொள தொள என்று இறங்கினால் வால்வு இறுக்கமாக வைக்கப்பட்டிருக்கிறது. சூட்டில் நீண்டு, மூடாமல் நிற்கிறது. அப்படியே ஓட்டினால் எக்சோஸ்ட் வால்வு எரிந்துபோகும். வால்வு இடைவெளியை எஞ்சின் முழுதாக ஆறின பிறகு, இரண்டு வால்வும் மூடியிருக்கும் நேரத்தில் பிஸ்டனை மேலே வைத்துச் சரிசெய்ய வேண்டும். பழைய புல்லட்டில் தள்ளுகம்பியை விரலால் சுழற்றினால் சுழல வேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆடக் கூடாது.

நான்காவது, கிக்கர் வழக்கத்தைவிடப் பாரமாக இருந்தால் பிஸ்டன் சிலிண்டரைக் கவ்வியிருக்கிறது. நிற்பதற்கு முன் வண்டி தானாக வேகம் குறைந்திருக்கும். ஓடும்போது அப்படி உணர்ந்த அந்த நொடியே கிளட்சைப் பிடியுங்கள். இல்லாவிட்டால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு ஆளைத் தூக்கி எறியும். இது காசுக் கணக்கல்ல, உயிர்க் கணக்கு.

ஓர் உதாரணம் சொல்கிறேன். பேசாலைப் பக்கத்து மீன் வியாபாரி ஒருவர் தன் புல்லட்டை ஒரு கராஜில் முழுதாகத் திருத்தி, பளபள என்று பெயின்ற் அடித்து எடுத்தார். சூடானதும் நின்றது. கொயிலை மாற்றச் சொன்னார்கள், மாற்றினார். பிஸ்டனை மாற்றச் சொன்னார்கள், மாற்றினார். மீன் பெட்டியோடு வெயிலில் வண்டி நின்றால் ஐஸ் கரைந்து மீன் கெட்டுப்போகும் அல்லவா? கடைசியில் கடன் வாங்கிப் பிழைக்கும் நிலைக்கு வந்துவிட்டார். என்னிடம் வந்தபோது, "நிக்கிற இடத்தில மூடியைத் திறந்து பாருங்கோ" என்று மட்டும்தான் சொல்லி அனுப்பினேன். திறந்தார், 'உஸ்' என்றது, வண்டி ஓடியது. பெயின்ற் அடித்தபோது மூடியின் துளை அடைபட்டிருந்தது. ஓர் ஊசியால் குத்தித் திறந்தோம். செலவு ஒன்றுமில்லை. அதற்கு முன் அவர் செலவழித்ததோ ஒரு சோளகக் காலத்து உழைப்பு முழுவதும்.

யாரையும் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. காசில்லாத சோதனையை முதலில் செய்யுங்கள், காசு போகும் வேலையைக் கடைசியில் வையுங்கள். இதுதான் இந்தத் தொழிலின் முதல் பாடம்.

புதிதாகக் கட்டின எஞ்சினில் வரும் பிழைகள்

சிலிண்டரைப் பெரிதாக்கிப் புது பிஸ்டன் போடும்போது, எவ்வளவு இடைவெளி விட்டார் என்று லேத்காரரிடம் அளவைக் கேட்டு எழுதி வாங்குங்கள். புது ரிங்கை அப்படியே பூட்டக் கூடாது. ரிங்கை மட்டும் சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, இரண்டு நுனிக்கும் நடுவே ஃபீலர் கேஜ் விட்டு அளக்க வேண்டும். 25 மில்லிமீற்றர் அகலத்துக்கு 0.1 மில்லிமீற்றர் என்பது பொதுக் கணக்கு. புல்லட்டின் 70 மில்லிமீற்றருக்கு 0.28 அளவில் வரும். இடைவெளி போதாவிட்டால் சூட்டில் இரண்டு நுனியும் முட்டி, சிலிண்டரைக் கீறிவிடும்.

அடுத்தது காபரேட்டர் பூட்டும் இடம். போல்ட்டை அளவுக்கு மீறி இறுக்கினால் அதன் முகம் வளைந்து காற்று கள்ளமாக உள்ளே போகும். வண்டி ஐட்லிங்கில் நிற்காது, பின்னால் வெடிக்கும். எஞ்சின் ஓடும்போது அந்தப் பொருத்தைச் சுற்றித் தூரிகையால் எஞ்சின் ஒயில் தடவுங்கள். சத்தம் மாறினால் ஓட்டை அங்கே. இதற்குப் பெற்றோல் தடவக் கூடாது, பற்றிக்கொள்ளும்.

பான்டம் போன்ற இரண்டு வீச்சு எஞ்சினில் கிராங்கின் ஒயில் சீல் முக்கியம். அது கிழிந்தாலும் கள்ளக் காற்று போய், அக்சிலேட்டரை மூடினாலும் எஞ்சின் கத்திக்கொண்டு நிற்கும். சைலன்சரில் கரி அடைத்தாலும் வண்டி இழுக்காது. எஞ்சினைத் திறக்க முன் சைலன்சரைக் கழற்றிப் பாருங்கள்.

புது எஞ்சினை முதல் 800 கிலோமீற்றர் வரைக்கும் அக்சிலேட்டரைப் பாதிக்கு மேல் திறக்காமல் ஓட்டுங்கள். பெரிய கியரில் ஏற்றத்தில் திணற விடவும் கூடாது. கியரைக் குறைத்து ஏறுங்கள். முதல் ஒயிலை 300 கிலோமீற்றருக்குள் மாற்றிவிடுங்கள். தேய்ந்த இரும்புத் தூள் எல்லாம் அதில்தான் இருக்கும்.

கடலோர வண்டி மலை ஏறும்போது

மன்னார் கடல் மட்டத்தில் இருக்கிறது. நுவரெலியா 1868 மீற்றர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான். காற்று மெலிந்தாலும் பழைய காபரேட்டர் அதை அறியாது. கடலோரத்துக் கணக்கில் பெற்றோலை விட்டுக்கொண்டே இருக்கும். விளைவு, கலவை கனக்கும், பிளக் கரி பிடிக்கும், வண்டி இழுக்காது, பெற்றோல் குடிக்கும்.

மன்னாரில் நன்றாக ஓடின வண்டி மேலே வந்து இழுக்கவில்லை என்றதும், "ஏமாத்திட்டாங்க, எஞ்சின் போச்சு" என்று கழற்றத் தொடங்குகிறார்கள். தேவையில்லை. முதலில் காற்று வடிகட்டியைச் சுத்தம் செய்யுங்கள். பிறகு ஊசியின் கிளிப்பை ஒரு வெட்டு மேலே மாற்றி ஊசியைத் தாழ்த்துங்கள். அப்படியும் கறுத்தால் மெயின் ஜெட்டை ஓர் இலக்கம் குறையுங்கள். பழைய ஜெட்டை வீசாதீர்கள். மடுவுக்கோ திருக்கேதீச்சரத்துக்கோ வண்டியில் இறங்கி வரும்போது அதைத் திரும்பப் போட வேண்டும். சின்ன ஜெட்டோடு கீழே வேகமாக ஓடினால் காற்று கூடி பிஸ்டன் சூடேறும். ஆனாலும் மலை உயரத்தில் எஞ்சினுக்கு ஐந்தில் ஒரு பங்கு பலம் குறைவது இயற்கை. அதை எந்த மெக்கானிக்காலும் திருப்பித் தர முடியாது.

கடைசியாக இரண்டு எச்சரிக்கைகள். லயத்துக் காம்பராவுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு எஞ்சினை ஓட விடாதீர்கள். புகையில் உள்ள நச்சு வாயுவுக்கு மணமில்லை, நித்திரை போல ஆளைக் கொண்டுபோகும். மற்றது, வண்டி வாங்கும்போது எஞ்சின் இலக்கத்தையும் சட்டத்தின் இலக்கத்தையும் பதிவுப் புத்தகத்தோடு ஒத்துப் பாருங்கள். இடம்பெயர்வில் புத்தகம் தொலைந்த வண்டிகள் எங்கள் பக்கம் உண்டு. சொந்தக்காரரின் பெயரில் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் காரியத்தை ஒழுங்கு செய்த பிறகு காசு கொடுங்கள். எவ்வளவு நன்றாக ஓடினாலும் புத்தகம் இல்லாத வண்டி ரோட்டுக்கு உதவாது.

கேள்வியும் பதிலும்

கேள்வி: அண்ணே, மழைக்காலத்துல காலையில எவ்வளவு மிதிச்சாலும் ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது. பத்து மணிக்கு மேல ஓடுது. ஏன்?

பதில்: பனி ஈரம் பிளக் வயரிலும் மூடியிலும் படிந்து பொறி வழியிலேயே ஒழுகுகிறது. இருட்டில் உதைத்துப் பாருங்கோ, வயரின் மேல் நீலப் பூச்சி போலப் பொறி ஓடுவது தெரியும். வயரும் பிளக் மூடியும் பழசு, மாற்றுங்கள். காபரேட்டர்க் கிண்ணத்தில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்றும் திறந்து பாருங்கள்.

கேள்வி: ஒரு செட் ஸ்பானர் வாங்கவே காசு பத்தாது. முதல்ல எதை வாங்கணும்?

பதில்: பிளக் ஸ்பானர், ஒரு ஃபீலர் கேஜ், நல்ல ஸ்குரூ டிரைவர் ஒன்று, உங்கள் வண்டிக்குத் தேவையான இரண்டு மூன்று ஸ்பானர். பழைய பிரிட்டிஷ் வண்டியில் மில்லிமீற்றர் ஸ்பானர் சரியாகப் பிடிக்காது, நட்டின் மூலை தேயும். அதற்கு விட்வேர்த் அளவு ஸ்பானர் தேடுங்கள். நான்கு பேர் சேர்ந்து ஒரு செற் வாங்கி வைத்துக்கொண்டால் லயத்துக்கே உதவும்.

கேள்வி: பொம்பளப் புள்ளைங்க இந்த வேலை படிக்கலாமா?

பதில்: ஏன் முடியாது தங்கச்சி? கொழுந்தில் இரண்டு இலையும் ஓர் அரும்பும் பார்த்துக் கிள்ளுகிற கண்ணுக்கும் விரலுக்கும் பொயின்ற் இடைவெளி வைப்பது பெரிய காரியமா? பாரம் தூக்குகிற நேரம் கொஞ்சம்தான். மிச்சம் எல்லாம் கவனமும் பொறுமையும். தாராளமாக வாங்கோ.

கேள்வி: வண்டி திருத்திக் குடுத்தா நாலு காசு பார்க்கலாமா?

பதில்: பார்க்கலாம். ஆனால் ஒரு கொப்பி வைத்துக்கொள்ளுங்கள். வந்த வண்டி, சொன்ன முறைப்பாடு, செய்த சோதனை, மாற்றின சாமான், வாங்கின காசு எல்லாவற்றையும் எழுதுங்கள். கழற்றின பழைய சாமானைச் சொந்தக்காரர் கையிலேயே கொடுங்கள். உண்மையாக நடக்கிற மெக்கானிக்கைத் தேடி அடுத்த தோட்டத்திலிருந்தும் வருவார்கள்.

 வண்டி நின்றால் முதலில் மூடி, பிறகு பிளக், பிறகு கிக்கர். ஸ்பானர் அதற்குப் பிறகுதான்.